மூச்சை இழுத்துப் பிடிங்க

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது.
அதனால்தான் மேலப்பாளையம் செய்யது மசூதின் பெரிய லென்ஸ்
நாள் வாடகை நானூறுக்கு என் கைக்கு வருகிறது.
பந்தியின் கடைசி இலையில் அழுகிறவரையும்
கண்ணீரோடு பிடித்துவிடும் என்பார்.
ஈரம் படாமல் துண்டில் சுற்றி
ஸ்கூட்டியில் காலடியில் இருத்தி
ராஜவல்லிபுரம் குளத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மணி ஆறேகால்.
பிசான நடவு முடிந்த வயலைவிட்டுப்
பனி இன்னும் எழுந்து போகவில்லை.
மடையடியில் இரண்டு பேர் பல் விளக்குகிறார்கள்.
குளத்து நடுவில் பட்டுப்போன கருவேலம்.
உச்சிக் கொப்பில் அது.

விராலடிப்பான்.
தொழிலையே பெயராகக் கொண்ட பறவை.
வெள்ளை நெஞ்சு,
கண்ணின் குறுக்கே மை இழுகினாற்போல் ஒரு கோடு.
செம்பருந்தைப் பார்த்தால்
பஸ்ஸுக்குள் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர்
இதைக் கண்டால் கல்லைத் தேடுகிறது.

'ஒரு நாளைக்கு ரெண்டு, எக்ஸ்ரே அக்கா.
நான் எண்ணுதேன்.
குத்தகைக்காரவுக கணக்கு கேக்காவ.'
காவல்காரர் கோயில்பிச்சை.
கையில் எண்ணெய் டின் ஒன்று, ஒரு வேப்பங்குச்சி.
மூன்றாவதுக்கு இறங்கினால் தட்டுவாராம்.
இருமிக்கொண்டே சொன்னார்.
இருமலுக்கு அது அசையவில்லை,
பழகிவிட்டது போல.

பிறகு கிளம்பியது.
தண்ணீருக்கு மேலே ஓரிடத்தில் நின்று
சிறகடித்தது, நகராமல்,
விலாசம் சரிபார்க்கும் தபால்காரர் மாதிரி.
நான் மூச்சை அடக்கினேன்.
வாரத்தில் ஆறு நாள்
மற்றவர்களை அடக்கச் சொல்கிறவள்.
கால்களை முன்னே நீட்டி விழுந்தது.

பதினேழு படம்.
பதினாறில் தண்ணீர்.
ஒன்றில் வால்.

எழுந்தபோது நகத்தில் ஒரு கெண்டை.
பறந்துகொண்டே மீனைத் திருப்பியது,
தலை முன்னால் இருக்கும்படி.
கொண்டுபோகிற திசையை
மீனும் பார்த்துக்கொண்டே போனது.
ஆற்றுப் பக்கம். தாமிரபரணிக் கரை மருதமரத்தில்
வைத்துத் தின்னும் என்றார் கோயில்பிச்சை.
ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன்.
மரத்தடியில் செதில்கள் கிடந்தன,
துவைக்கிற கல்லில் ஒன்று ஒட்டியிருந்தது.
பறவை இல்லை.

செவ்வாய்க்கிழமை, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அறை எண் பதினொன்று.
சீட்டில் பெயரைப் படித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தேன்.
சட்டையில்லாமல் இன்னும் ஒல்லி.
தாடையை மேலே வைங்க.
தோளை முன்னால் தள்ளுங்க.
மூச்சை இழுத்துப் பிடிங்க.
பிடித்தார். பாதியில் இருமல் வந்துவிட்டது.
இரண்டாவது தடவை பிடித்தார்.

திரையில் வலது பக்கம், மேலே,
குளத்தில் பனி நிற்குமே
அந்த மாதிரி.
நான் சொல்லக் கூடாது,
டாக்டர்தான் சொல்லணும்.

பொத்தான் போட்டபடி கேட்டார்:
'படம் நல்லா விழுந்திருக்கா?'
எந்தப் படம் என்று
எனக்கு ஒரு நொடி தெரியவில்லை.
'வால்தான் விழுந்திருக்கு அண்ணாச்சி' என்றேன்.
சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
'அது அப்படித்தான், காமிக்காது.'

அடுத்த ஞாயிறு லென்ஸ் எடுக்கவில்லை.
கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தேன்.
புதுக் காவல்காரப் பையன்
கரையில் போனோடு உட்கார்ந்திருந்தான்.
எண்ணெய் டின் பூவரசில் தொங்கியது,
குச்சி அதற்குள்ளேயே.

ஏழு மணிக்கு ஒன்று.
எட்டரைக்கு ஒன்று.
ஒன்பதுக்கு மேல் வெயில் ஏறியபின்
மூன்றாவது முறை இறங்கியது.
பையன் தலை தூக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனதும்
முதல் வேலையாக வார்டுக்குப் போய்ச் சொல்லணும்:
மூணு.
அதில் ஒன்று விரால்.